இடது கைக்கு மாற்றிய மவுஸ்

…பிரவீன்ராஜ் பேசுறேன், வயசு இருபத்தாறு, இருக்கிற இடம் சிங்கப்பூர், உட்லண்ட்ஸ், மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில், என்று போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான், எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து திரையில் உட்கார்ந்தன, இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்க வேண்டும் என்பது வீட்டுக்கு அவனே போட்ட சட்டம், பக்கத்து வீட்டு வியாகுலம்மாளுக்கு அவள் துபாய் மகன் பேசுவது போல எவனோ மெசேஜ் போட்டு ஓடிபி கேட்ட நாளிலிருந்து இவனுக்குத் தூக்கம் போயிற்று, பேர், வயசு, இடம், மூன்றும் இல்லாமல் என் பெயரில் எது வந்தாலும் நம்பாதீங்க என்று குடும்பக் குரூப்பில் போட்டான், தங்கை டெல்பின் உடனே, “பொறந்த நாள் வந்தா முன்கூட்டியே சொல்லிடுண்ணே, திடீர்னு இருபத்தேழுன்னு வந்தா நாங்க போலீசுக்குப் போயிடுவோம்” என்று எழுதினாள்… சிரிக்கட்டும். குரலாகவே அனுப்பிவிடலாம்தான், ஆனால் அப்பா… பக்கவாதம் வந்ததிலிருந்து போனில் குரல் கேட்டால் அவர் அறைக்குள் ஆளைத் தேடுகிறார், கதவைப் பார்க்கிறார், ஒரு நாள் குனிந்து கட்டிலுக்கு அடியில் கூடப் பார்த்தார் என்று அம்மா சொன்னாள், சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள், எழுத்தாக இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்துவிடுகிறார், இவனுக்கோ தமிழில் தட்டச்சு செய்ய வராது, அதனால்தான் பேசிப் பேசி எழுத வைக்கிறான், நைட் ஷிப்ட் முடித்து மேல் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கும் மணப்பாறை மருதை எழுந்துவிடாதபடி.

இன்று ஞாயிறு, விடுமுறை, மடியில் புதிதாக வாங்கிய பழைய கம்ப்யூட்டர், முந்தையது போன வாரம் உயிரை விட்டது, இந்தப் புதியதிலிருந்து மேலப்புதூர் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் முதல் தடவையாக நுழையப் போகிறான், நுழைகிற இடத்திலேயே மடியில் இருப்பது கேட்கிறது, எதிர்ப்பக்கம் இருக்கிற இந்தக் கம்ப்யூட்டரை எனக்குத் தெரியாது, அதன் அடையாளம் இது, நம்பலாமா? கீழே புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி. எல்லாரும் ‘யெஸ்’ என்று தட்டிவிட்டுப் போவார்கள், ஆபீசில் சீனியர்களே பார்க்காமல்தான் தட்டுகிறார்கள், இவனால் மட்டும் முடிவதில்லை, அந்தப் பக்கம் இருப்பது உண்மையிலேயே நம் வீடுதானா, நடுவில் எவனாவது வீடு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நின்றால்? ஸ்கூலில் பையன்கள் மலைக்கோட்டைக்குக் கீழே சுரங்கம் இருக்கிறது, உள்ளே போனவன் திரும்பியதில்லை என்பார்கள், அப்போதும் இவன்தான் கேட்டான், வழியை மறிக்கிறது யாருடா என்று… இதுவும் ஒரு சுரங்கம்தான், இரண்டு முனையிலும் பூட்டுப் போட்டது, அதற்குள் வீட்டு ஸ்கிரீன் அப்படியே படமாக இங்கே வரும், இவன் மவுஸை அசைத்தால் அசைவு அங்கே போகும், நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் மறுமுனை வீடாக இருந்தால்தானே. டெல்பினுக்குப் போன் போட்டான்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே வரியைக் காட்டுவதற்கென்றே வீட்டு ஸ்கிரீனில் ஒரு படக்குறி வைத்திருந்தான், அதை இரண்டு தடவை கிளிக் செய்தால் போதும். “ஏண்ணே, நீ என்ன பேங்க் லாக்கரா திறக்கற? கல்யாணப் பத்திரிகைக்கு இவ்வளவு அலப்பறையா? பூசைக்கு நேரமாச்சு, அம்மா வாசல்ல செருப்பு போட்டுட்டு நிக்கிது.” நில்லு, படிச்சுட்டுப் போ என்றான். “இந்த மவுஸ் வேற… கிளிக் பண்ணா கிளிக் ஆகாம மெனு விரியிது, சனியன்.” அது இடது கைக்கு மாத்தினது, பட்டன் ரெண்டும் இடம் மாறியிருக்கும், மறு பட்டனை அழுத்து என்றான். “இரு, இந்தப் பக்கமே எடுத்து வச்சுக்கறேன், இடது கையில எனக்கு வராது… ஆங், வந்திருச்சு. பெரிய கே. சின்ன டி. ஏழு. பெரிய எக்ஸ்… சின்ன எக்ஸா? ரெண்டும் ஒரே மூஞ்சியாத்தான் இருக்கு, அக்கா தங்கச்சி மாதிரி.” பக்கத்து எழுத்தோட ஒட்டிப் பாரு என்றான், பார்த்தாள், பெரிய எக்ஸ்தான், கடைசி எழுத்து வரை வாங்கி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு ஒப்பிட்டான், சரியாக இருந்தது, வீடுதான், நம்ம வீடேதான், ‘யெஸ்’ தட்டினான். பின்னால் அம்மாவின் குரல், “தம்பி, சாப்பிட்டியாப்பா? அப்பாவைக் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே நாற்காலியில உக்கார வச்சிருக்கேன், நீ வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வெளியில பூட்டிக்கிட்டுப் போறோம், பூசை முடிஞ்சதும் ஓடி வந்துருவோம்.” டெல்பின் அவசரத்தில் போனை அணைக்காமலே ஓடினாள், படியிறங்கும் சத்தம், பூட்டு விழும் சத்தம், பிறகு தெரு, பிறகு அதுவும் நின்றது.

ஸ்கிரீன் விரிந்தது… அதே வெளிறிய நீலம், அதே மாதா படம் ஒரு மூலையில், இன்னொரு மூலையில் அப்பாவின் கோப்பறைகள், வடக்குச் சித்திரை, கீழ உத்திரை, திருவெள்ளறை என்று தெரு வாரியாகவும் ஊர் வாரியாகவும், வாடிக்கையாளர்களை அப்படித்தான் அடுக்குவார் சவரிராயன், பேர் மறந்தாலும் வாசல் மறக்காதே என்பார். ஸ்ரீரங்கத்தில் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் டிசைனர், தினமும் டிவிஎஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய்விட்டு வருகிற மனுஷன், கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிறு, மேஜையில் வரதராஜப் பெருமாளும் ரங்கநாதரும், எந்த வீட்டுப் பத்திரிகைக்கு எந்த நாமம், எந்த வீட்டில் பாட்டனார் பேருக்கு முன்னால் என்ன பட்டம், எல்லாம் விரல் நுனியில், ஐயங்கார் வீட்டு மாமாக்கள் அவரிடம் வந்து, சவரி, நீரே பார்த்துப் போட்டுடும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். கை விழுந்ததும் அச்சக முதலாளி முருகானந்தம் கம்ப்யூட்டரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், எழுத்துருவும் டிசைனும் எல்லாம் அதில்தானே இருக்கு, சவரி எழுந்திரிச்சு வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் பையன் முடிஞ்சதைச் செய்யட்டும் என்று. அதுவரைக்கும்… அந்த வார்த்தையைத்தான் இவன் ஞாயிறுதோறும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், யாராவது ஒருவர் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டே இருந்தால் அது அப்பாவின் இடமாகவே இருக்கும் என்று.

ஆனால் அப்பா தொடவில்லை. தில்லை நகரிலிருந்து வருகிற பிசியோ நவ்ஷாத் பாய் போனில் சொன்னார், “தம்பி, நரம்பு முழிச்சிருச்சு, நான் பாக்கறேன்ல, விரல் வருது. மனசுதான் வர மாட்டேங்குது. ரப்பர் பந்து குடுத்தா இடது கையால வாங்கித் தூக்கிப் போடறாரு. ஏதாச்சும் ஒரு தடவ, அவரா, வலது கையால ஒண்ணு செஞ்சுட்டா போதும், அப்பறம் நான் வர வேண்டிய வேலையே இருக்காது.” அவரா. யாரும் சொல்லாமல். அதுதான் நடக்கவில்லை, வலது கையை அவர் தூங்கும் பிள்ளையைப் போல மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பேச்சு போய்ப் பாக்கி இருக்கிற சில வார்த்தைகளில் ஒன்று ‘போச்சு’, கையைக் காட்டி அதைத்தான் சொல்கிறார். லீவில் ஊருக்கு ஓடியபோது இவன் ஒரு காரியம் செய்தான், மவுஸை இடப்பக்கம் நகர்த்தி வைத்து, அமைப்பிலும் இடது கைக்காரருக்கு என்று மாற்றிக் கொடுத்தான், உதவி என்றுதான் நினைத்தான், இந்தாங்கப்பா, இப்ப ஈசியா இருக்கும் என்றான், அப்பா மவுஸைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டார்… கேமரா மாட்டலாம் என்று டெல்பின் கொண்டுவந்தபோது அதையும் துண்டால் மூடினார். ஆகவே இப்போது அவர் ஸ்கிரீனின் அந்தப் பக்கம் இருக்கிறார், இவன் இந்தப் பக்கம், இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

வேலையைப் பாரு. உத்திரை வீதி தேசிகன் மாமா, மகள் ரஞ்சனிக்குக் கல்யாணம், நாளைக் காலையில் அச்சுக்குப் போக வேண்டும், நேற்று அவரே போன் பண்ணினார், “ஏம்ப்பா பிரவீன், சிங்கப்பூர்லேந்தே பத்திரிகை பண்றியாமே, பேஷ், நாங்க இங்கேந்து தெப்பக்குளம் போறதுக்கே ஆட்டோக்காரனோட சண்டை போட வேண்டியிருக்கு… அப்பா எப்படி இருக்கார்? அவர் போட்டா எழுத்தெல்லாம் பந்தியிலே இலை போட்டாப்பல உக்காரும். நீயும் அவர் பிள்ளைதானே, நன்னா வரும்.” நன்றாக வர வேண்டுமே. பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தான், பேரை மாற்றினான், முகூர்த்தத்தை மாற்றினான், மண்டபத்தை மாற்றினான், சுரங்கத்தின் நீளம் அப்படி, இங்கே இழுத்தால் அங்கே அரை மூச்சு கழித்துத்தான் நகர்கிறது, மாப்பிள்ளை பேரை இடம் பார்த்து நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான், ஒரு வாய் குடித்தான்… அம்புக்குறி நகர்ந்தது.

இவன் கை பாட்டிலில் இருந்தது. அம்புக்குறி நகர்ந்தது, கொஞ்சம் மேலே, நின்றது, நடுங்கியது, மறுபடி மேலே, குடிகாரன் வீடு தேடுவது போல. தண்ணீர் மூக்கில் ஏறியது. யார்? யார் உள்ளே? எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேனே, கடைசி எழுத்து வரை வாங்கினேனே, ஒருவேளை அந்தச் சின்ன எக்ஸ் பெரிய எக்ஸ்… வேறு ஜன்னலில் பார்த்தான், யார் யார் இணைந்திருக்கிறார்கள், ஒரே ஒரு பெயர், இவனுடையது, ஆனால் கெட்டிக்காரத் திருடன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டா வருவான்? அம்மாவுக்குப் போன், ஸ்விட்ச் ஆஃப், கோயிலுக்குள் போனால் அணைத்துவிடுவாள், டெல்பினுக்கு, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே வாடிக்கையாளர்களின் விலாசம், போன் நம்பர், பெண்களின் போட்டோ, எல்லாம் அப்பாவை நம்பிக் கொடுத்தது, இணைப்பைத் துண்டித்துவிடலாம், ஒரு பட்டன்தான், விரல் அதன்மேல் போய் நின்றது, துண்டிடா, முதலில் துண்டி, பிறகு யோசி… அதற்குள் ஒரு மெனு விரிந்தது. மூடியது. மறுபடி அதே இடத்தில் விரிந்தது. மூடியது. ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு கோப்பையும் திறக்கவில்லை, கோப்பறைப் பக்கமே போகவில்லை, என்ன திருடன் இவன், கதவைத் தட்டித் தட்டி நிற்கிறான்? மூன்றாம் தடவையும் மெனு விரிந்தபோது டெல்பினின் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்தது, கிளிக் பண்ணா கிளிக் ஆகாம மெனு விரியிது, சனியன்.

மெனு விரிகிறது. இடது கைக்கு மாற்றிய மவுஸ், இடது கையால் பிடித்தால் ஆள்காட்டி விரலுக்கு நேரே கிளிக் இருக்கும், வலது கையால் பிடித்தால்… ஆள்காட்டி விரலுக்கு நேரே மெனுதான் இருக்கும். இந்தப் பக்கமே எடுத்து வச்சுக்கறேன் என்றாள், வைத்துவிட்டு அப்படியே பூசைக்கு ஓடிவிட்டாள், மவுஸ் இப்போது வலப்பக்கம் இருக்கிறது, வீடு வெளியே பூட்டியிருக்கிறது, நாற்காலியில் ஒரே ஒரு ஆள் இருக்கிறார். துண்டிக்கப் போன விரலை அவன் மெல்ல, சூடான தோசைக்கல்லிலிருந்து எடுப்பது போல எடுத்தான். அப்பாவா? அப்பாதானா? எதற்கு இப்படி முட்டி மோதுகிறார், என்னதான் வேண்டும் அவருக்கு? அம்புக்குறி நிற்கிற இடத்தை அப்போதுதான் பார்த்தான், பத்திரிகையின் உச்சி, நாமம், நாமத்தின் அடியில் மூக்கு வரை இறங்கும் அந்தச் சின்னத் துண்டு, பாதம். ஐயோ. தென்கலை நாமம். பழைய பத்திரிகை வேறு யாருடையதோ, பேரை மாற்றினான், முகூர்த்தத்தை மாற்றினான், நாமத்தை மாற்றவில்லை, தேசிகன் மாமா வீடு வடகலை, பாதம் கூடாது, ஸ்ரீரங்கத்தில் இதைத் தப்பாக அடித்துக் கொடுத்தால் மாமா சும்மா இருந்தாலும் சம்பந்தி வீடு சும்மா இருக்குமா, கல்யாணத்துக்கு முன்பே ஊரெல்லாம் பேசாதா? பேரு பிழைன்னா திருத்திக்குவாங்கடா, நாமம் பிழைன்னா வீட்டையே மாத்தின மாதிரி என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார், இப்போது சொல்ல வார்த்தை இல்லை, மகன் அவர் கண்ணெதிரே வீட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான், போச்சு என்று சொல்லிப் பார்த்தாரோ என்னவோ யாருக்குக் கேட்கும், சுரங்கத்தில் குரல் வராதே, படம் மட்டும்தானே வரும்.

நானே அந்தப் பாதத்தை எடுத்துவிடலாம், ஒரு கிளிக், ஒரு டெலிட்… கை போயிற்று, பாதி வழியில் நின்றது. அவரா, ஒரு தடவை, என்றாரே நவ்ஷாத் பாய். எடுத்துவிட்டால் அவருக்கு மறுபடி என்ன இருக்கிறது, மடியில் கையைப் பிள்ளை மாதிரி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைத் தவிர. அம்புக்குறி ஓய்ந்திருந்தது, களைத்துவிட்டாரா, கோபமா, இப்போதுதான் சமயம், இவன் அதைப் பிடித்தான், இருவருக்கும் ஒரே அம்புக்குறி, அவர் கையிலிருந்து வாங்குவது போல இருந்தது, ஒரு நிமிஷம்ப்பா, தந்துடறேன், என்று வாய்விட்டே சொன்னான், மருதை மேலே புரண்டு படுத்தான். அமைப்புக்குள் போனான், மவுஸ், இடது கைக்காரர் என்ற வட்டத்தில் புள்ளி இருந்தது, லீவில் அவனே வைத்த புள்ளி, பக்கத்து வட்டத்தைத் தொட்டான், வலது கைக்காரர். அப்பா இதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஜன்னல் திறப்பதையும் புள்ளி இடம் மாறுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பார், படிக்கட்டும், இதற்காகவே கொஞ்ச நேரம் மூடாமல் வைத்தான், பிறகு மூடினான். தப்பாக இருந்தால்? அது இடது கைதான் என்றால், இவ்வளவு நாளில் முதல் தடவையாகத் தொட்டவரை நானே மறுபடி குழப்பிவிட்டேன் என்றால்? அம்புக்குறியைக் கொண்டுபோய் எங்கே எடுத்தானோ அங்கேயே, நாமத்தின் பக்கத்திலேயே விட்டான், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. பயந்துவிட்டாரோ, எழுந்து போய்விட்டாரோ, சுவரைப் பிடித்துக்கொண்டு… ஜன்னலுக்கு வெளியே துணிக் கம்பு ஒன்றில் யாருடைய சட்டையோ ஆடியது, கீழே யாரோ ஒரு பிள்ளையைத் திட்டினார்கள், சேசுவே, என்றான், அதற்குமேல் ஜெபம் வரவில்லை. அம்புக்குறி நகர்ந்தது. கோணலாக, தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, திரும்பி, பாதத்தின்மேல் வந்து நின்றது, நின்று நடுங்கியது, கிளிக். மெனு வரவில்லை. பாதத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு மின்னியது. அப்புறம் அது இல்லை, அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள், டெலிட்டைத் தட்டியிருக்கிறார், மவுஸில் ஒரு கை, கீபோர்டில் ஒரு கை, பாலத்துக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த அதே உட்காரல், அப்படியா? அப்படித்தானா? ஒரே கையே இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாமே, இடது கையின் நடுவிரல் கூட அந்தப் பட்டனுக்கு நேராகத்தான் வரும், எண்ணிப் பார்த்தால் வழி நிறைய இருக்கிறது, சந்தேகப்பட இவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன… நாமத்தின் அடிப்பாகம் நெளிந்து நெளிந்து வளைவாகியது, ஒரு தடவை கெட்டது, பின்வாங்கினார், மறுபடி இழுத்தார், வந்தது, பரவாயில்லாமல் வந்தது. முடிந்தது என்று இவன் மூச்சு விட்டபோது அம்புக்குறி இறங்கி மாப்பிள்ளை பேருக்கு வந்தது, இவன் இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்த பேர், அதைப் பிடித்து ஒரு நூல் அளவு கீழே தள்ளியது, பிறகு மண்டபத்தின் பேர், அதுவும் பிடிக்கவில்லை, பிறகு இவன் தேர்ந்தெடுத்த பூங்கொடி, அது முழுதாகவே காணாமல் போயிற்று. அட, என் ஒரு மணி நேர வேலை அப்பா! சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல் குலுங்கினான், கட்டில் ஆடியது, மருதை கண்ணைத் திறக்காமலே, “என்னடா, லாட்டரி விழுந்திருச்சா?” என்றான், தூங்குண்ணே என்றான் இவன்.

பூசை முடிந்திருக்கும். அம்மா பூட்டைத் திறந்ததும் ஏங்க, இதென்ன கை, என்று கத்துவாள், டெல்பின் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவாள், வியாகுலம்மாள் வந்து நெற்றியில் சிலுவை போடுவாள், அவ்வளவுதான், அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். போய்ப் பார்த்து எந்தக் கை என்று சொல்லச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், எதையும் சரிபார்க்காமல் யெஸ் என்று தட்டியதே இல்லை அவன் வாழ்க்கையில்… சரிபார்க்க வேண்டாம் என்று தோன்றுவது இதுதான் முதல் தடவை, இது என்ன, இதற்குப் பெயர் என்ன? ஸ்கிரீனில் அம்புக்குறி பெண்ணின் பெயரைத் தேடித் தத்தளித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்து உதட்டோடு ஒட்டினான், எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

பிரவீன்ராஜ் பேசுறேன், வயசு இருபத்தாறு, இருக்கிற இடம் சிங்கப்பூர், உட்லண்ட்ஸ். இதை உங்கள்ல யார் முதல்ல படிக்கிறீங்களோ அவங்களுக்குத்தான் சொல்றேன். பூட்டைச் சத்தமில்லாம திறங்க, இல்லாட்டி கொஞ்ச நேரம் வாசல்லயே நில்லுங்க. உள்ள போனா எந்தக் கைன்னு பாக்காதீங்க, கேக்காதீங்க, எனக்கும் சொல்லாதீங்க. மவுஸை யாரும் இடம் மாத்தி வைக்காதீங்க. அப்பா வேலையா இருக்காரு.